பூட்டில்லாத பெயர்

பட்டியலின் கடைசியில் ஒரு பெயர் கூடுதலாக இருந்தது.

புது வயர்லெஸ் கார்டைச் செருகி, கம்ப்யூட்டரை எழுப்பி, அக்கம்பக்கத்து வைஃபை பெயர்களெல்லாம் திரையில் ஒவ்வொன்றாக வந்து விழுவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பழைய கார்டுக்குப் பார்வை கொஞ்சம் மட்டு. சொந்த வீட்டு ரௌட்டரையே பல நாள் அடையாளம் தெரியாமல் விழிக்கும். புதியது அப்படியில்லை. இரண்டு ஆன்டெனாவையும் நீட்டிக்கொண்டு தெருவையே துழாவி, இருபத்துமூன்று பெயர்களைக் கொண்டுவந்து கொட்டியிருந்தது. கீழ்வீட்டுக்காரர்கள், எதிர்வரிசைப் பல் டாக்டர், 'பாஸ்வேர்டு கேக்காதீங்க' என்று பெயர் வைத்திருந்த ஒரு மகராசன், 'கேட்டாலும் தரமாட்டோம்' என்று அவனுக்கு உடன்பிறப்பு மாதிரி இன்னொருவன். எல்லாவற்றுக்கும் பக்கத்தில் சின்னப் பூட்டுப் படம் இருந்தது. கடைசிப் பெயருக்கு மட்டும் பூட்டு இல்லை. சிக்னல் ஒரே ஒரு கோடு, அதுவும் மங்கல்.

அந்தப் பெயர்: வா.

அவள் சிரிக்கவில்லை. சிரிப்பதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணி. விடிந்ததிலிருந்து அம்மாவைத் துடைத்து, புரட்டிப் படுக்கவைத்து, விரிப்பு மாற்றி, மருந்தும் சாப்பாடும் கொடுத்து, துவைத்ததை உலர்த்தி முடிப்பதற்குள் பாதி உயிர் போயிருந்தது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினாள். உள்ளே ஒன்பது வருடத் தூசி, பஞ்சுபஞ்சாக. ஒரே ஒரு திருகாணி. அதைக் கழற்றிப் பழைய கார்டை அசைத்து உருவி, அதே இடத்தில் புதியதை 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தி, பின்பக்கம் ஆன்டெனாக்களைத் திருகினாள். கடைக்காரர் தானே வந்து மாட்டித்தர ஒரு வாரம் ஆகும் என்றிருந்தார். ஒரு வாரம் அவளிடம் இல்லை.

ஓர் ஆஸ்பத்திரிக்கு வீட்டிலிருந்தபடியே போன் எடுப்பது அவள் வேலை. யாருக்கு எந்த டாக்டர், எத்தனை மணிக்கு, எத்தனையாவது டோக்கன் என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பதால் கூட வேலை பார்ப்பவர்களுக்கு அவள் டோக்கன் அக்கா. போன வாரம் மட்டும் ஆறு முறை பாதிப் பேச்சில் லைன் அறுந்துபோனது. இன்னொரு தடவை இப்படி ஆனால் ஆபீசுக்கு வந்து உட்கார வேண்டியதுதான் என்று மேலாளர் குரலை உயர்த்தாமலே சொல்லிவிட்டார். அவள் ஆபீசுக்குப் போய்விட்டால் அம்மா என்ன செய்வாள்? அம்மாவை விட்டால் அவளுக்கு உலகத்தில் நாதி கிடையாது. அலுப்பில் எத்தனையோ தடவை எதையெதையோ நினைத்திருக்கிறாள். ஆனால் அம்மா இல்லாத வீட்டை மட்டும் அவளால் நினைத்துப் பார்க்க முடிந்ததில்லை.

"வரேன்" என்றாள் அம்மா, அறைக்குள்ளிருந்து.

அது புதிதில்லை. பதினொரு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து அம்மாவின் வலப்பக்கத்தையும் பேச்சையும் வாரிக்கொண்டு போனபோது, போனால் போகிறதென்று இந்த ஒரு வார்த்தையை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தது. மூளையில் அது மட்டும் மாட்டிக்கொண்டுவிட்டது, அதற்கு அர்த்தம் தேடாதீர்கள் என்றார் டாக்டர். தேடாமல் யாரால் இருக்க முடியும்? 'போறேன்' என்று சொல்லிவிட்டு வாசல் தாண்டத் துணியாத ஜனங்கள் நாம். திரும்பவே போவதில்லை என்று தெரிந்தவர்கள்கூட 'வரேன்' என்றுதான் விடைபெறுவார்கள். அதனால் பார்க்க வந்தவர்களெல்லாம் அம்மா விடைபெறுகிறாள் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். காலையில் ஊசி போட வரும் நர்ஸ் மட்டும், "போறது நானு, வரேன்னு சொல்றது நீங்களா? நல்ல கதைம்மா" என்று கன்னத்தைத் தட்டிவிட்டுப் போவாள். மகளும் அதை விடைபெறுவதாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தாள்.

திரையில் பட்டியல் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. பெயர்கள் ஒரு கணம் மறைந்து திரும்ப வந்தன. வா என்பதும் வந்தது.

"வரேன்."

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று அவள் எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தாள். ஹாலும் அம்மாவின் அறையும் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கும். போன் எடுத்துக்கொண்டே அம்மாவைப் பார்க்கலாம் என்றுதான் மேசையை அங்கே போட்டிருந்தாள். உட்கார்ந்தால் கட்டில் தெரியும், வெள்ளைப் போர்வை தெரியும், போர்வைக்கு வெளியே அம்மாவின் இடது கை தெரியும். புண் வராமல் இருக்கப் போட்டிருந்த காற்று மெத்தைக்கு ஊதும் சின்ன மோட்டார் கட்டிலுக்கு அடியில் இழுத்து இழுத்து மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டருக்குள் சூடேறிய தூசியின் வாசனையும், கிருமிநாசினியும், அம்மாவுக்குப் போட்ட பவுடரும், ஜன்னலில் காயும் ஈர விரிப்பும் சேர்ந்து ஹாலில் தேங்கி நின்றன. பட்டியல் மறுபடி மறைந்து வந்தது.

"வரேன்."

மறுபடியும். அம்மாவின் கை போர்வையை ஒரு தடவை பற்றிவிட்டு விட்டது. பத்தாவது தடவையும் பனம்பழம் விழுந்தபோது அவள் காக்கையைச் சந்தேகிக்க ஆரம்பித்தாள். அப்போதுதான் கவனித்தாள். அந்தப் பெயர் கடைசியில் இல்லை. பட்டியலின் நடுவுக்கு ஏறியிருந்தது. மூன்று கோடு.

கடைக்காரருக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, கார்டு மாட்டிட்டேன். நல்லாத்தான் வேலை செய்யுது. ஆனா லிஸ்ட்ல பூட்டே இல்லாம ஒரு பேரு வருது."

"ஐயோ, அதுல போய் ஒட்டிக்காதீங்கக்கா. ஓசின்னா நமக்கு உடனே கை அரிக்கும். எவன் வெச்சிருக்கான்னே தெரியாது."

"நான் தொடலைண்ணே. கோடு ஏறிக்கிட்டே இருக்கு. மொதல்ல ஒண்ணு காட்டுச்சு. இப்ப மூணு."

"அப்படின்னா கிட்ட வருதுன்னு அர்த்தம்."

"எது?"

மறுமுனையில் அவர் சிரித்தார். "யாராவது போன்ல ஹாட்ஸ்பாட் போட்டுட்டு நடந்து வருவாங்க. ரௌட்டருக்கா கால் முளைச்சிருக்கு? பழைய கார்டு பாவம், கிழடு, அதுக்கு இதெல்லாம் தெரிஞ்சிருக்காது. இத்தனை நாளாவே அங்கதான் இருந்திருக்கும், இப்பத்தான் உங்க கண்ணுல படுது."

போனை வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போனாள். இரண்டு மாடி கீழே தெரு வெயிலில் வெறிச்சோடிக் கிடந்தது. நிறுத்தியிருந்த கார்களின் அடியில் மட்டும் கொஞ்சம் நிழல். எதிர்வரிசையில் ஒரு ஜன்னலும் திறந்திருக்கவில்லை. போனோடு நடந்து வருபவர்கள், நடக்காமல் நிற்பவர்கள், யாரும் இல்லை. இத்தனை நாளாவே அங்கதான் இருந்திருக்கும். அந்த மனுஷன் விளையாட்டாகச் சொன்ன வாக்கியம் காதை விட்டு இறங்க மறுத்தது.

"வரேன்."

திரும்பிப் பார்க்காமலே அவளுக்குத் தெரிந்தது, பட்டியல் இப்போது மறைந்து வந்திருக்கும் என்று. திரும்பிப் பார்த்தாள். பெயர்கள் மறைந்து வந்துகொண்டிருந்தன.

மேசைக்கு அடியில் தவழ்ந்துபோய், கம்ப்யூட்டரை முறைப்படி அணைக்கக்கூட இல்லாமல், பிளக்கைப் பிடுங்கினாள். பெட்டிக்குள் மின்விசிறிகள் சுழன்று சுழன்று ஓய்ந்தன. ஒன்பது வருடமாக இந்த ஹாலில் கேட்டுக்கொண்டிருந்த இரைச்சல் நின்றதும் வீடு திடீரென்று பெரிதானது போல இருந்தது. அம்மாவின் மெத்தை மோட்டார் மட்டும் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. தரையில் உட்கார்ந்தபடியே மனசுக்குள் எண்ணினாள். பத்து. இருபது. முப்பது. சனியன் ஒழிந்தது, நாளைக்குக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

"வரேன்" என்றாள் அம்மா.

தரையின் குளிர்ச்சி அவள் முதுகில் ஏறியது. அம்மா கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொல்லவில்லை. கட்டிலருகே நிமிர்ந்து நின்றால்தான் திரை தெரியும், படுத்திருக்கும் அம்மாவுக்குத் தெரியாது. அம்மாவுக்கு அது காதில் விழுகிறது. ஏதோ ஒன்று கூப்பிடுகிறது, அம்மா பதில் சொல்கிறாள். பதினொரு மாதமாக. டாக்டரும் சொந்தபந்தமும் நர்சும் பெற்ற மகளும், எல்லோருமாகச் சேர்ந்து அதை விடைபெறும் வார்த்தை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அது கூப்பிட்ட குரலுக்குக் கொடுக்கும் பதில். கம்ப்யூட்டர் புதிதாக எதையும் வீட்டுக்குள் கொண்டுவரவில்லை. ஏற்கெனவே வந்துகொண்டிருந்ததை இன்றைக்குத்தான் படித்துக் காட்டியது. வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை என்பார்கள். இங்கே ஓணான் வெகுநாளாக மடியிலேயே இருந்திருக்கிறது.

தெரியாமல் இருந்திருக்கலாம். ஆனால் தெரிந்த பிறகு, எவ்வளவு கிட்டே வந்திருக்கிறது என்று தெரியாமல் இருப்பது அதைவிடக் கொடுமை. பிளக்கைத் திரும்பச் செருகினாள். கம்ப்யூட்டர் எழுந்திருக்க எடுத்துக்கொண்ட அந்த இரண்டு நிமிடத்தில் வாசற்கதவின் மேல் தாழ்ப்பாளையும் கீழ்த் தாழ்ப்பாளையும் போட்டாள், ஜன்னலைச் சாத்தினாள். சாத்தியதும் ஈர விரிப்பின் புழுக்கம் அறையை நிறைத்தது.

பட்டியல் வந்தது. வா, முதல் இடத்தில். நான்கு கோடும் நிறைந்து.

அவள் வீட்டு ரௌட்டர் மூன்றடி தள்ளி அலமாரி மேலே பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. அது இரண்டாவது இடத்தில் இருந்தது.

அவள் அறைக்குள் ஓடினாள். கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து அம்மாவின் இடது கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையில் இன்னும் பலம் இருந்தது. பதினொரு மாதமாக அம்மாவின் உடம்பில் வேலை செய்துகொண்டிருந்தது அதுவும் அந்த நாக்கும்தான்.

"எங்கயும் போகாதம்மா. கூப்பிட்டா கூப்பிடட்டும். நீ போகாத."

அம்மாவின் பார்வை அவள் மேல் இல்லை. அவளைத் தாண்டி, ஹாலுக்கும் அறைக்கும் நடுவே நிலைப்படியில் இருந்தது. நெற்றியில் முத்துமுத்தாக வேர்வை. உதடு காய்ந்து வெடித்திருந்தது.

"வரேன்" என்றாள் அம்மா, நிலைப்படியைப் பார்த்து.

இவ்வளவு கிட்டே உட்கார்ந்து, இவ்வளவு கவனமாக அந்த வார்த்தையை அவள் கேட்டதே இல்லை. இந்தத் தொனி அவளுக்குத் தெரியும். வரேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருப்பது ஒரு கலை. அம்மா அதில் கைதேர்ந்தவள். அப்பா இருந்த காலத்தில் ஹாலில் உட்கார்ந்துகொண்டு எதற்கெடுத்தாலும் கூப்பிடுவார். அம்மா சமையலறையில் செய்கிற வேலையை நிறுத்தாமல், தலையைக்கூடத் திருப்பாமல், 'வரேன்' என்பாள். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி, 'இதோ வரேன்.' கடைசியில் அப்பாவே எழுந்து வருவார், அல்லது கூப்பிட்ட காரணத்தை மறந்துபோவார். அதே குரல். கொஞ்சம் இழுத்து, கொஞ்சம் சலிப்போடு, வருகிற எண்ணம் துளியும் இல்லாமல்.

"ஏமாத்திட்டிருக்கியா?" அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. "பதினொரு மாசமா சாக்குச் சொல்லி ஏமாத்திட்டு இருக்கியா நீ? எங்கம்மாடா!"

அம்மா சிரிக்கவில்லை. அடுத்த 'வரேன்' பாதியில் உடைந்து இருமலானது. அவள் எழுந்து ஸ்பூனில் தண்ணீர் எடுத்து அம்மாவின் வாயில் விட்டாள். பாதி கன்னம் வழியே வழிந்தது. அம்மாவின் கண்ணுக்குக் கீழே கருத்துக் கிடந்த களைப்பை அவள் கண்ணாடியில் தினமும் பார்க்கிறாள், தன் முகத்தில். பகல் முழுக்க இவள் போனுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்த அதே நேரத்தில், அடுத்த அறையில் அம்மாவும் ஓயாமல் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். அம்மாவுக்கு இரவும் இந்த வேலைதான். ஒரு நாள் லீவு கிடையாது.

டம்ளரை வைக்கத் திரும்பியபோது கதவு வழியே திரை தெரிந்தது.

முதல் பெயர் நீண்டிருந்தது. வா என்பதற்கு முன்னால் இன்னொரு சொல் சேர்ந்திருந்தது. அல்லது முதலிலிருந்தே இருந்து, தூரத்தில் இருந்ததால் முழுதாக வந்து சேராமல் இருந்திருக்கலாம்.

பாப்பா வா.

அம்மாவை யாரும் பாப்பா என்று கூப்பிட்டதில்லை. பிறந்த வீட்டில் ஐந்து பேருக்கு மூத்தவள், எல்லோருக்கும் அக்கா. அப்பாவுக்கு 'ஏம்மா'. இந்த வீட்டில் பாப்பா ஒருத்திதான். நாற்பத்தாறு வயதில், தலை பாதி நரைத்து, கையில் டம்ளரோடு நின்றுகொண்டிருக்கிறவள். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஒரே ஒரு ஆள்தான் மிச்சம் இருந்தாள். பதினொரு மாதமாக அம்மாவாலும் முடியவில்லை.

கூப்பிட்டது அம்மாவை அல்ல.

அவள் மெல்லத் திரும்பினாள். அம்மா இப்போது அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் தெரிந்துகொண்டுவிட்டாள் என்பது அந்தக் கண்ணில் தெரிந்தது. சின்ன வயதில் வாசலில் யாராவது வந்து இவள் பெயரைச் சொன்னால், இவள் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டு ஓடுவாள். யாரு, என்ன வேணும், அவ தூங்கறா. அப்படித்தான் இதற்கும். மகள் காதில் விழுவதற்குள் முந்திக்கொண்டு ஒரு பதில். பதில் கிடைத்துவிட்டால் கூப்பிட்டது கொஞ்ச நேரம் காத்து நிற்கும். அப்புறம் மறுபடி. அந்தக் கொஞ்ச நேரங்களைச் சேர்த்து வைத்துத்தான் அம்மா இவளுக்குப் பதினொரு மாதம் கொடுத்திருக்கிறாள். அம்மாவைத் தான்தான் காப்பாற்றிக்கொண்டிருப்பதாக இவள் அலுத்துக்கொண்டிருந்தாள்.

பட்டியல் மறைந்தது. வந்தது.

அம்மா வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

மறுபடி முயன்றாள். கழுத்து நரம்பு புடைத்தது. காற்று மட்டும் வந்தது. குரல் தீர்ந்துபோயிருந்தது.

"அம்மா..." அவள் டம்ளரை வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

இடது கை உயர்ந்தது. நடுங்கி நடுங்கி உயர்ந்து அவள் பின்கழுத்தைப் பிடித்து இழுத்துக் கீழே குனியவைத்து, முன்னால் வந்து அவள் வாயைப் பொத்தியது. பவுடர் வாசனை. மருந்து வாசனை. விரல்கள் கன்னத்தில் பதிந்தன. அம்மா தலையை ஆட்டினாள். வேண்டாம். பேசாத. பதினொரு மாதத்தில் அம்மா செய்த முதல் தலையசைப்பு அது.

அவளும் தலையாட்டினாள். பேசமாட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டாள். ஆனால் அவள் தொண்டைக்குப் பத்தொன்பது வருடப் பழக்கம் ஒன்று உண்டு. எவ்வளவு அலுப்பாக இருந்தாலும், பாதித் தூக்கத்தில் இருந்தாலும், கூப்பிட்டால் மூன்றாவது மணிக்குள் எடுத்துப் பதில் சொல்லிவிட வேண்டும். நாக்கு தானாகப் புரண்டது. அவள் அதை மேலண்ணத்தோடு அழுத்திப் பிடித்தாள்.

கட்டிலுக்கு அடியில் மோட்டார் நின்றது.

ஹாலில் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மின்சாரம் போகவில்லை.

நிலைப்படியில் யாரும் இல்லை. தாழ்ப்பாள் போட்டது போட்டபடி. அவள் மூச்சு அம்மாவின் கைக்குள் சூடாகத் திரும்பி வந்தது.

கட்டில் முனகியது.

அம்மாவுக்கு அந்தப் பக்கம், சுவரை ஒட்டிய பாதியில், காற்று மெத்தை மெல்ல அமுங்கியது. ஒரு குழி. அதன் பக்கத்தில் இன்னொரு குழி. முழங்கால் ஊன்றி ஏறுகிற மாதிரி. போர்வை அந்தக் குழிக்குள் இழுபட்டது. அம்மாவின் உடம்பு சற்றே அந்தப் பக்கம் சரிந்தது. கண் மட்டும் சரியவில்லை. மகள் முகத்தை விட்டு அது அசையவில்லை. விரல்கள் இறுகின. வலித்தது. இன்னும் இறுக்கும்மா. விட்டுடாத.

பிறகு குரல் கேட்டது.

குழி விழுந்த இடத்திலிருந்து, காதுக்குப் பக்கத்தில். அவள் பதினொரு மாதமாக ஏங்கிக் கிடந்த குரல். நடுராத்திரி ஜுரத்தில் நெற்றியைத் தொட்ட குரல். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது மாடியிலிருந்து கூப்பிட்ட குரல். உடையாத, இருமாத, பக்கவாதத்துக்கு முன்பிருந்த அம்மாவின் சொந்தக் குரல்.

"பாப்பா, வா. படுத்துக்கலாம் வா. எவ்வளவு களைச்சுப் போயிட்ட."

அம்மா கண் கலங்கத் தலையை ஆட்டினாள். இல்லை. இல்லை. நான் இல்லை.

அவளுக்கு அது தெரியும். தெரிந்தும் கண்ணில் நீர் கட்டியது. யாரும் அவளிடம் இப்படிச் சொல்லி ஒரு வருடம் ஆகப்போகிறது.

"வா பாப்பா."

சுண்டுவிரல் முதலில் தளர்ந்தது. பிறகு அடுத்த விரல். அம்மாவின் கண் திறந்தே இருந்தது. ஆனால் அதில் பார்வை இல்லை. உள்ளங்கை மட்டும் அவள் வாயின் மேல் பாரமாக, சூடு ஆறிக்கொண்டு, அப்படியே இருந்தது. அந்தக் கைக்கு அடியில் அவள் உதடுகள் பிரிந்தன.